பசலை என்ன நிறம்?

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். காதலனைப் பிரிந்த பெண்ணின் மேனியில் படரும் பசலை வரும் சங்கப் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “அது பச்சையா, மஞ்சளா?” என்று கேட்டாள். கையில் இருந்த உரையில் “ஒருவகை நோய்” என்று மட்டுமே இருந்தது. இன்னொரு மாணவனோ, “பசப்புறதுன்னா இனிக்கப் பேசி ஏமாத்துறதுதானே?” என்கிறான். இதை எப்படி விளக்குவது? கட்டுரையில் லேசான சோகத்தைச் சொல்ல மாணவர்கள் ‘பசலை’ என்று எழுதலாமா?

பதில்: அந்த மாணவியின் கேள்விக்குச் சங்கப் பாடலிலேயே பதில் இருக்கிறது. குறுந்தொகையின் 98ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கோக்குள முற்றனார் பாடியது. பிரிந்துபோனவனுக்குத் தன் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று தலைவி தவிக்கிறாள். தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்துப் புதரில் மழைக்குச் செழித்திருக்கும் பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு போய், ‘அவள் இப்படி ஆகிவிட்டாள்’ என்று அவரிடம் சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும். “மாரிப் பீரத்து அலர்சில கொண்டே” என்று பாட்டு முடிகிறது. தன் நெற்றியின் நிறம் இது என்று பூவையே மாதிரியாகக் கொடுத்தனுப்ப நினைக்கிறாள். ஆக, பசலை என்பது பீர்க்கம்பூவின் மஞ்சள். முடிந்தால் வகுப்புக்கு அந்தப் பூவைக் கொண்டுபோங்கள். நாம் சமைக்கிற பீர்க்கு மாலையில்தான் மலரும், அதனால் முதல் நாள் சாயங்காலமே பறித்துவைக்க வேண்டியிருக்கும்.

மஞ்சள் என்றால் பச்சையை நினைவூட்டும் பெயர் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். பழந்தமிழில் பசுமை நாம் இன்று சொல்லும் பச்சையோடு நிற்கவில்லை. இளம்பச்சையில் தொடங்கி மஞ்சள், பொன் வரைக்கும் அது நீளும். பசும்பொன் என்று இன்றும் சொல்கிறோம், அந்தப் பொன் பச்சையாகவா இருக்கிறது? பழைய கிரேக்கத்திலும் ‘குளோரோஸ்’ என்ற சொல் வெளிர்பச்சைக்கும் மஞ்சளுக்கும் வெளிறிய முகத்துக்கும் பொதுவாக இருந்தது. 1810இல் ஹம்ஃப்ரி டேவி மஞ்சள்பச்சை வாயு ஒன்றுக்குக் குளோரின் என்று பெயர் வைத்தது அந்தச் சொல்லிலிருந்துதான். வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஆனால் ‘பசலை = மஞ்சள்’ என்று கரும்பலகையில் எழுதி நிறுத்திவிட வேண்டாம். பசலை தனியாக இருக்கும் நிறம் அல்ல. ஒருத்தியின் இயல்பான நிறத்திலிருந்து ஏற்பட்ட மாற்றம். உரையாசிரியர்கள் அதை நிறவேறுபாடு என்றே விளக்குகிறார்கள். எதிலிருந்து வேறுபாடு? மாமையிலிருந்து. மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்பார்கள். செம்பு கலந்த அந்தக் கருமைதான் அழகு. குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் இதைச் சொல்லும் விதம் நெஞ்சை அறுக்கிறது. நல்ல பசுவின் பால் கன்றுக்கும் கிடைக்காமல், கறக்கும் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிப்போனதுபோல, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பசலைக்குத் தீனியாகிறது என்கிறாள் தலைவி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள். சிவப்பழகுக் கிரீம் விளம்பரம் பார்த்து வளரும் பிள்ளைகளிடம், மாநிறம் வெளிறிப்போவதை அழகின் இழப்பாகப் பாடிய கவிதை இது என்று சொல்லியே ஆக வேண்டும். ‘நோய்’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் தந்தால் இதெல்லாம் காணாமல் போகிறது.

இன்னொன்று, பசலை ஓரிடத்தில் நிற்காது. குறுந்தொகை 399இல் பரணர், ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியின் பாசியோடு அதை ஒப்பிடுகிறார். காதலன் தொடும் இடமெல்லாம் விலகுகிறது, கையை எடுத்தால் மறுபடி பரவுகிறது. திருக்குறளில் வேகம் இன்னும் கூடுகிறது.

“புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில்
அள்ளிக்கொள் வற்றே பசப்பு” (1187)

தழுவிக் கிடந்தவள் சற்றே நகர்ந்தாள், அதற்குள் கையால் அள்ளிக்கொள்ளும் அளவுக்குப் பசப்பு, அதாவது பசலை, வந்துவிட்டது. எந்த நோய் இப்படி வந்து போகும்? மனத்தில் நடப்பது தோலில் தெரிகிறது. முதலில் அதைக் கண்டுகொள்பவர்கள் அவளுடைய பழைய நிறத்தை அறிந்தவர்கள். பாடல்களில் தோழியும் தாயும் இதைக் கவனித்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

சரி, அந்த மாணவன் சொன்னதற்கு வருவோம். இன்றைய பேச்சுக்கு அவன் சொன்னது சரிதான். பசப்பு வார்த்தை என்றால் இனிக்கப் பேசி ஏய்ப்பது. பழைய பாடலில் அந்தப் பொருளைக் கொண்டுவந்தால் பாட்டு தலைகீழாகிவிடும். அவனுக்குத் தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியான உரியியலில் “பசப்பு நிறனாகும்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இயலின் தொடக்கத்திலேயே, தெளிவாகத் தெரிந்த சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை, பொருள் வெளிப்படாத உரிச்சொற்களைத்தான் சொல்கிறேன் என்கிறார் தொல்காப்பியர். அதாவது, பசப்பு அன்றைக்கே விளக்கம் தேவைப்பட்ட சொல். அதே இயலில் “கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள” என்றும் சொல்கிறார். அவை நிறத்தையும் குறிக்கும் என்று சொல்வது அடுத்த நூற்பாவில்தான். அங்கே கோபம் முந்திக்கொள்கிறது, நிறம் பிறகு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், கீரை. பசலைக்கீரையையும் இந்தப் பசலையையும் தேர்வுத்தாளில் கலந்துவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கட்டுரையில் லேசான சோகத்துக்குப் பசலை என்று எழுதலாமா? வேண்டாம் என்பேன். அது காதலில் பிரிவோடு பிறந்த சொல். தேர்வில் மதிப்பெண் குறைந்தவனுக்குப் பசலை வராது. பிரிவைப் பற்றி எழுதும்போது மட்டும் வரட்டும், அதற்குரிய வினைகளோடு வரட்டும்: பசலை பாய்ந்தது, பசலை படர்ந்தது, பசலை பூத்தது, நெற்றி பசந்தது. மற்ற இடங்களில் குரலில் வருத்தம் இழையோடியது, பேச்சில் கோபம் தொனித்தது, சிரிப்பில் ஏளனம் கலந்திருந்தது என்று எழுதப் பழக்குங்கள். வண்ணத்துக்கு, நீலம் ஓடிய வெள்ளை, செம்மை கலந்த கருப்பு என்று சொல்லலாம். சாயலையும் பயன்படுத்தலாம். பச்சைச் சாயல், அப்பாவின் சாயல், கேலியின் சாயல் என்று இன்று எல்லாவற்றோடும் அது ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் பழைய பாடலில் சாயல் வந்தால் கவனம். தொல்காப்பியத்தில் “சாயல் மென்மை” என்றுதான் இருக்கிறது. சாயல், பசலை இரண்டு சொல்லும் ஒரே குறளில் வருகின்றன:

“சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா
நோயும் பசலையும் தந்து” (1183)

என் அழகையும் நாணத்தையும் அவர் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நோயையும் பசலையையும் கொடுத்துவிட்டுப் போனார் என்கிறாள். இங்கே சாயல் என்றால் மென்மையான அழகு. ஜாடை என்றோ லேசான வண்ணம் என்றோ கொண்டால் பொருள் கெட்டுவிடும். அதோடு, நோயையும் பசலையையும் வள்ளுவர் இரண்டாகப் பிரித்துச் சொல்வதைப் பாருங்கள். உங்கள் கையில் இருந்த உரை ஏன் போதவில்லை என்று மாணவர்களுக்குக் காட்ட இந்தக் குறள் போதும்.