காரை விற்றாகிவிட்டது, பெயர் மாறியதா?

பட்டர்வொர்த்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரன்னராக வேலை பார்த்தவன் நான். பழைய கார் கடைகளுக்கும் மாக் மண்டினில் உள்ள புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்துக்கும் செபராங் ஜெயாவில் உள்ள ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பிடத்துக்கும் நடையாய் நடப்பதுதான் ரன்னரின் பிழைப்பு. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. கார் கைமாற்றுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறையிலிருந்து ஒருவர்: நான்கு மாதங்களுக்கு முன் என் மைவி காரைப் பழைய கார் கடையில் விற்றேன். பணம் முழுதும் வந்துவிட்டது. போன வாரம் வேகக் கட்டுப்பாட்டை மீறியதாக என் பெயருக்குச் சம்மன் வந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் "காருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கவலைப்படாதீர்கள்" என்கிறார்.

ஆள் கிடைக்காத கார் நெடுஞ்சாலையில் எப்படிப் பறந்தது என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.

தம்பி, காசு வந்தது, சாவி போனது. ஆனால் ஜேபிஜே கணினியில் அந்தக் கார் இன்னும் உங்களுடையதுதான். கார் கைமாறினால் 7 நாளுக்குள் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமை பதிவு பெற்ற உரிமையாளரான உங்களுக்கும் உண்டு. கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டதுதான் பிசகு.

கடைக்காரர் காரை வாங்கியதும் தன் நிறுவனத்தின் பெயருக்குத் தற்காலிகமாக உரிமை மாற்றிக்கொள்ள ஒரு மின்னியல் முறை இருக்கிறது. விற்றவரின் தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைக்கவே அது வந்தது. சில கடைகள் அதைச் செய்யாமல், வாங்க வருகிறவரின் பெயருக்கே நேராக மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கும். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். அதுவரை சம்மனும் வம்பும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இன்றே அவருக்கு எழுத்து மூலம் ஒரு கெடு கொடுங்கள். விற்பனை ரசீதையும் வங்கியில் பணம் வந்த சான்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். பிறகு ஜேபிஜேவுக்குப் போய் நிலையைச் சொல்லுங்கள். சம்மனைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். காரை ஓட்டியது யார் என்ற தகவலைத் தரும் பொறுப்பைச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு உரிமையாளர் மீதுதான் வைக்கிறது. ரசீதில் உள்ள கடையின் பெயரையும் தேதியையும் காட்டி எழுத்தில் பதில் கொடுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சாகா காரை விற்றார். பதினோராம் நாள் விடியற்காலையில் வீட்டு வாசலில் போலீஸ். முதல் நாள் இரவு அந்தக் கார் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவரைக் காப்பாற்றியது கையால் எழுதிய ஒரு ரசீது. அதில் வாங்கியவரின் அடையாள அட்டை எண், தேதி, அதற்குக் கீழே "மாலை மணி 5.20" என்று ஆசிரியர் புத்தியோடு எழுதி வைத்திருந்தார். அன்றிலிருந்து என் கையில் வரும் எந்த ரசீதிலும் மணி எழுதாமல் விட்டதில்லை.

செந்தூலிலிருந்து ஓர் அம்மா: கடை உரிமம் பெற்றதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்கிறது.

பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் அடித்து மாட்டலாம், அம்மா. பழைய பொருள்களை வாங்கி விற்பதற்கே 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி உரிமம் கொடுப்பது போலீஸ். நிறுவனப் பதிவுச் சான்று வேறு, இந்த உரிமம் வேறு. கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதைவிட நான் நம்புவது வேறொரு சோதனை. உரிமத்தில் உள்ள பெயர், ரசீதில் உள்ள பெயர், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் மைத்துனர் கணக்கில் போடுங்கள்" என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

ஜாலான் ஈப்போவிலிருந்து: செயலாக்கக் கட்டணம் என்று ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் கேட்கிறார்கள். இது நியாயமா?

காப்புறுதியையும் சாலை வரியையும் தள்ளிவிட்டால், உரிமை மாற்றத்துக்கும் பரிசோதனைக்கும் வெளியே கட்ட வேண்டியது சில நூறு ரிங்கிட்டைத் தாண்டாது. மீதி கடையின் கூலி. கூலி வாங்குவது தப்பில்லை, நானும் அதில்தான் சாப்பிட்டேன். ஆனால் எது எதற்கு என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரித்து எழுதச் சொன்னதுமே தொகை குறைந்ததை நான் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாயான் லெப்பாஸிலிருந்து: என் காருக்கு இன்னும் இரண்டு ஆண்டு வங்கிக் கடன் பாக்கி. கடைக்காரர் "நாங்களே வங்கியில் கட்டிவிடுகிறோம்" என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. தவணைக் கடன் இருக்கும்வரை ஜேபிஜே பதிவில் வங்கியின் உரிமைக் கோரிக்கை ஏறியிருக்கும். அது நீங்காமல் யார் பெயருக்கும் மாற்ற முடியாது.

முதலில் முழுக் கடனையும் அடைக்க எவ்வளவு ஆகும் என்று வங்கியிடமிருந்து நீங்களே கடிதம் வாங்குங்கள். அதில் ஒரு கெடு தேதி இருக்கும். அந்தத் தொகையைக் கடைக்காரர் உங்கள் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டட்டும், கட்டிய சான்றை உங்களுக்கு அனுப்பட்டும். மிஞ்சுவது உங்கள் கைக்கு. கடன் அடைந்ததும் வங்கி விடுவிப்புக் கடிதம் தந்து கோரிக்கையை நீக்கும். சாவியை அதுவரை தராமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒப்பந்தத்தில் தேதி போட்டு எழுதுங்கள். கடை மாதத் தவணையையும் கட்டாமல் காரையும் விற்காமல் இழுத்தடிக்க, கடைசியில் வங்கி கடன் வாங்கியவரைத் துரத்திய கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

பந்தாய் டாலாமிலிருந்து: நண்பர் என் காரை எடுத்துக்கொண்டு மாதத் தவணையை அவரே கட்டுகிறேன் என்கிறார். இதைத்தான் சம்போங் பாயார் என்கிறார்கள்.

வேண்டாம். அடைத்து முடியும்வரை கார் வங்கியுடையது. அதை வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றினால் தவணைக் கொள்முதல் சட்டத்தில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. நண்பர் மூன்று மாதம் கட்டாவிட்டால் கெட்டுப்போவது உங்கள் பெயர். நட்பும் கூடவே போகும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மகன்: அப்பா ஜனவரியில் தவறிவிட்டார். கார் அவர் பெயரில். கடன் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, விற்றுவிடலாம் என்கிறார். ஒரு கடைக்காரர் "கிராண்ட்டை (காரின் பதிவுச் சான்றை) கொண்டுவாருங்கள், மற்றதை நாங்கள் சமாளிக்கிறோம்" என்றார்.

தம்பி, அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். உரிமை மாற்றத்துக்கு விற்கிறவரின் பெருவிரல் ரேகை வேண்டும். இறந்தவரின் ரேகையை ஒருவர் எப்படிச் "சமாளிப்பார்"? கேட்காமலே பதில் தெரிகிறதல்லவா?

கார் இப்போது அப்பாவின் சொத்தில் ஒரு பகுதி. அதை விற்க யாருக்கு அதிகாரம் என்ற கடிதம் முதலில் வேண்டும். அப்பா உயில் எழுதாமல், கார், வங்கிச் சேமிப்பு போன்ற அசையும் சொத்தை மட்டும் விட்டுச் சென்றிருந்தால், மொத்தமும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால், அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனத்திடம் போங்கள். நீதிமன்றம் ஏறாமல் அங்கேயே முடிக்கலாம். வீடோ நிலமோ சேர்ந்திருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு. "சிறு" என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், 50 லட்சம் ரிங்கிட் வரை அங்கே பார்க்கிறார்கள். உயில் இருந்தால் உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் என்று வேறு வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் குடும்பங்கள் பலவும் இங்கேதான் இடறுகின்றன. உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நாலில் ஒன்று. அதாவது உங்கள் அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அந்தக் காரில் பாட்டிக்கும் பங்கு உண்டு. பாட்டியை விட்டுவிட்டு மனு எழுதியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். பாட்டியும் அண்ணன் தம்பிகளும் அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பது நல்லதுதான். அதை வாய்ப்பேச்சாக விடாமல் அதிகாரியின் முன் எழுத்தில் செய்யுங்கள்.

சில மாதங்கள் ஆகும். அதுவரை காரை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், உரிமையாளர் தவறியதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை எஞ்சினை முடுக்கிவிட்டால் பேட்டரி சாகாது.

வங்சா மாஜுவிலிருந்து: உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் என் கார் தோற்றுவிட்டது. காரணம் கண்ணாடிக் கருமை. கார் நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடுவது வேறு, தேறுவது வேறு. முன் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும் முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்கு 2019 முதல் தளர்வு உண்டு. முன்பக்கத்துக் கருப்புத் தாளை உரித்துவிட்டு மறுபடியும் போங்கள். ஒரு மணி நேர வேலை.

நீங்கள் அதிர்ஷ்டசாலி. எஞ்சின் எண்ணோ அடிச்சட்டகத்தின் எண்ணோ பதிவோடு ஒத்துப்போகாமல் தோற்றிருந்தால் தூக்கம் போயிருக்கும். முன்னால் வைத்திருந்தவர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டி, ஜேபிஜேவிடம் சொல்லாமல் விட்டிருப்பார். அப்படி ஒரு கார் சிக்கினால், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீது இல்லாமல் ஒன்றும் நகராது. அதனால்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பரிசோதனை அறிக்கையைக் காட்டச் சொல்கிறேன். வங்கிக் கடனில் வாங்குகிறவர்களுக்கு பி7 என்று இன்னொரு பரிசோதனையும் உண்டு.

ஆயர் ஈத்தாமிலிருந்து: பழைய கார் வாங்க முன்பதிவுப் பணமாக 3,000 ரிங்கிட் கட்டினேன். வங்கி கடன் தரவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

தவணைக் கொள்முதலில் முன்பதிவுப் பணம் காரின் விலையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 40,000 ரிங்கிட் காருக்கு 400. உங்களிடம் வாங்கிய தொகையே முறையற்றது. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யுங்கள். ரசீதில் "முன்பதிவு" என்று இருக்கிறதா, "முன்பணம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் பெயரை மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

கெப்போங்கிலிருந்து: வாங்கி மூன்று மாதமாகிறது. ஓடிய தூரம் 80,000 கிலோமீட்டர் என்றார்கள். பழைய சர்வீஸ் புத்தகத்தில் 1,60,000 என்று இருக்கிறது.

மீட்டரைத் திருப்பி விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் சாட்சி. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் இந்த வழி வியாபாரியிடம் வாங்கியவர்களுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொந்தமாக வாங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பாயம் கை கொடுக்காது. கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதில் உள்ள லாபம் இது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: என் 55 விழுக்காட்டு என்சிடி (இழப்பீடு கோராததற்கான காப்புறுதித் தள்ளுபடி) காரோடு போய்விடுமா?

போகாது. அது உங்களுடையது, காருடையது அல்ல. வாங்குகிறவர் தம் பெயரில் புதிய காப்புறுதி எடுத்தால்தான் உரிமையே மாறும். நீங்கள் உங்கள் காப்புறுதியை ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

கூலிமிலிருந்து பினாங்கில் வேலை செய்யும் ஒருவர்: கடையில் வெற்றுப் பாரத்தில் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் கேட்கிறார்கள்.

வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கூடாது, கடைக்காரர் சொந்த மாமனாராக இருந்தாலும். நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, கார் எண்ணையும் "உரிமை மாற்றத்துக்கு மட்டும்" என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். எழுத்து அட்டையின் படத்தின் மேலேயே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

பிறையிலிருந்து முதலில் கேட்டவர் மறுபடியும்: ஐயா, கடைக்காரரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுவதாகச் சொல்கிறார். மாறியதை எப்படி உறுதி செய்வது?

உங்கள் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்தால் உங்கள் பெயரில் உள்ள வாகனங்கள் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை பாருங்கள். மைவி அதில் இன்னும் நின்றுகொண்டிருந்தால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரசீதோடு செபராங் ஜெயாவில் இருங்கள். சீக்கிரம் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.