ஒரு வேலையை முழுசா செய்வேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? 'எண்ட் டு எண்ட்' சரியா, 'ஃப்ரம் ஸ்டார்ட் டு ஃபினிஷ்' சரியா?

பயோடேட்டா எழுதிட்டிருக்கீங்கன்னு நெனைக்கிறேன். ரெண்டுமே சரிதாங்க, உக்கார்ற இடம்தான் வேற. 'எண்ட் டு எண்ட் ஆர்டர் மேனேஜ்மெண்ட்'னு வேலையோட பேருக்கு முன்னாடி வரும், 'ஐ ஹேண்டில்டு தி ஆர்டர் ஃப்ரம் ஸ்டார்ட் டு ஃபினிஷ்'னு வாக்கியத்தோட கடைசில வரும். 'ஐ டூ ஃபுல் ப்ராசஸ்'னு மட்டும் போட்றாதீங்க.

ஆனா இதவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், பையர்கிட்ட பேசி ஆர்டர பாத்துக்கற வேலை. கம்பெனி ப்ரொஃபைல் எழுதறப்ப மேல இருந்தவரு 'எண்ட் டு எண்ட் மேனுஃபேக்சரிங்'னு போடச் சொன்னாரு, நான் முடியாதுன்னுட்டேன். நூல் வெளிய வாங்கறோம், நிட்டிங்கும் சாயமும் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செஞ்சு தர்ற வெளி யூனிட்டுக்குப் போகுது, கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும்தான் நம்ம கூரைக்குள்ள நடக்குது, அப்புறம் அது எப்படிங்க எண்ட் டு எண்ட் ஆகும்? அதுவும் திருப்பூர்ல. நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலக்குதுன்னு 2011ல ஐகோர்ட்டே சாயப்பட்டறைகள மூடச் சொன்ன ஊரு இது, எங்ககிட்ட வர்ற பையர் டையிங் எங்க பண்றீங்க, கழிவுத்தண்ணி எங்க போகுதுன்னு கேக்காம போகமாட்டாரு. அதனால 'ஃப்ரம் கட்டிங் டு பேக்கிங் இன் ஹவுஸ், நிட்டிங் அண்ட் டையிங் த்ரூ ஜாப் ஒர்க் யூனிட்ஸ்'னு எழுதுனேன். ஒரு பையர் நேர்ல வந்து பாத்தாரு, எழுதுனதும் இருக்கறதும் ஒத்துப்போச்சு, சாயப்பட்டறையோட சுத்திகரிப்பு பேப்பர் மட்டும் கேட்டாரு, குடுத்தோம், ஆர்டரும் வந்துச்சு.

நீங்களும் அப்படியே எழுதுங்க, 'ஃப்ரம் லேப் டிப் அப்ரூவல் டு ஷிப்மெண்ட்'ங்கற மாதிரி (லேப் டிப்னா கலர் ஓகே வாங்க சாயம் போட்டுக் காட்டற சின்னத் துணி சாம்பிள்), உங்க கை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதோ அந்த ரெண்டையும் பேர் சொல்லி.

"கார்ப்பரேட்ல எல்லாரும் எண்ட் டு எண்ட்னுதான் சொல்றாங்க, நீ என்ன பெரிய இங்கிலீஷ் வாத்தியாரா"ன்னு யாராவது வருவீங்க. வாத்தியார் இல்லைங்க, நான் படிச்சது தமிழ் மீடியம். நெசமாவே முழுசா பண்றவங்க தாராளமா சொல்லிக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல.

எனக்கு வயித்தெரிச்சலே இந்த இன்டர்வியூ எடுக்கறவங்க மேலதான். துணி கன்சம்ப்ஷன்ல இருந்து கார்ட்டன் அளவு வரைக்கும் காகிதம் இல்லாம கணக்குச் சொல்ற பொண்ணு, இங்கிலீஷ்ல ரெண்டு இடத்துல தயங்குச்சுன்னு வேண்டாம்னுட்டாங்க. ரிப், இன்டர்லாக்ங்கற ரெண்டு நிட்டிங் துணிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தர் 'எண்ட் டு எண்ட்'னு சரளமா சொன்னாரு, அவர எடுத்துக்கிட்டாங்க, இப்ப அவரு ஆர்டரையும் சேத்து ஃப்ளோர்ல நாங்கதான் பாக்கறோம்.