அப்பப்பாவின் மெடலும் விடுபட்ட பதிவும்: கேள்வி பதில்

கச்சேரியில் (அரசாங்க அதிபர் அலுவலகத்தில்) லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய படைவீரர்களின் சேவைப் பதிவுகளைத் தேடி, விடுபட்ட மெடல்களைப் பதிவில் சேர்ப்பிக்க ஊர்ச் சனங்களுக்கு உதவி வருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. வாசிகசாலைப் பெடியள் சேர்த்துத் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 1914–18, 1939–45 போர்கள், அப்புறம் பழைய இலங்கைத் தரைப்படை: எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கரவெட்டி: அப்பப்பா இரண்டாம் உலகப்போரில் எகிப்திலும் இத்தாலியிலும் பயனியர் படையில் (பாதை போடும், சாமான் ஏற்றியிறக்கும் பிரிவு) இருந்தவர். வீட்டில் சிங்கம் போட்ட ஒரு மெடல்தான் இருக்கிறது. மற்றவை தொலைந்துவிட்டனவா?

தொலைந்திருக்காது. அவர் கேட்டு வாங்காமலே விட்டிருப்பார். போர் முடிந்து விலகிய தரைப்படையினர் தங்களுக்குரிய நட்சத்திரங்களை (போர்க்களம் வாரியாகக் கொடுத்த நட்சத்திர வடிவ மெடல்களை) தாங்களே விண்ணப்பித்துத்தான் பெறவேண்டி இருந்தது. ஊருக்கு வந்து புகையிலைத் தோட்டத்தில் இறங்கியவருக்கு யார் அதைச் சொல்லியிருப்பார்கள்?

உங்களிடம் இருப்பது 1939–45 போர் மெடல். படையில் 28 நாள் முழுநேரமாக இருந்த எவருக்கும் அது உரியது. ஆபிரிக்க நட்சத்திரத்துக்கு 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆபிரிக்காவில் ஒரு நாள் நின்றிருந்தாலே போதும். இத்தாலி நட்சத்திரத்தின் காலம் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. போர்க்களப் பகுதியில் ஆறு மாதம் நின்றிருந்தால் 1939–45 நட்சத்திரமும் உண்டு. ஆக, அவர் எந்தத் தேதியில் எங்கே கரையிறங்கினார் என்பதுதான் கேள்வி. அது அவருடைய சேவைப் பதிவில் இருக்கும்.

முதலில் அந்தப் பதிவின் பிரதியைக் கேளுங்கள். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு வைத்திருந்த கோப்புகள் 2022 முதல் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பதிவு கையில் வந்தபிறகு குளொஸ்ரரில் இருக்கும் அமைச்சின் மெடல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மரணச் சான்றிதழ், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் பிரதிதான் போகவேண்டும். மூலத்தை எவருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்.

சங்கானை: அப்படி ஒருவர் படையில் இருக்கவே இல்லை என்று பதில் வந்தது. அம்மப்பாவின் படம் சீருடையோடு எங்கள் சுவரில் தொங்குகிறது. என்ன செய்வது?

பிள்ளை, இந்தப் பதில் எனக்கும் வந்தது. என் அம்மப்பாவும் பயனியர் படைதான். மூன்று வருடம் ஒரு அலுவலகத்தோடு கடிதம் எழுதி மாரடித்தேன். ஒவ்வொரு முறையும் "அந்தப் பெயரில் பதிவு இல்லை" என்ற ஒற்றை வரிதான் வந்தது.

ஒரு நாள் அம்மாவின் பெட்டகத்தை ஒதுக்கும்போது அவருடைய சம்பளப் புத்தகம் வந்தது. மண்ணிற அட்டை, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. முதல் பக்கத்தில் ஊதாப் பென்சிலால் எழுதிய எண். வியர்வை பட்டு இரண்டு இலக்கம் கரைந்திருந்தது. பெயர் எழுதும் இடத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது அவருடைய தகப்பனாரின் பெயர்.

எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வேலுப்பிள்ளை கனகசபை என்று ஒருவர் போய் நின்றால் ஒரு லிகிதர் கனகசபையைக் குடும்பப் பெயராக எழுதுவார், இன்னொருவர் வேலுப்பிள்ளையை எழுதுவார். மூன்றாமவர் "பிள்ளை" மட்டும் குடும்பப் பெயர் என்று பிரித்துவிடுவார். அப்புறம் ஆங்கில எழுத்துக் கூட்டல். கனகசபை கே எழுத்திலும் இருக்கலாம், சி எழுத்திலும் இருக்கலாம்.

அதனால் இரண்டு பெயரையும் ஐந்தாறு எழுத்துக் கூட்டலோடு ஒரு தாளில் எழுதுங்கள். பிறந்த தேதி, ஊர், படையில் சேர்ந்த ஆண்டு, நெருங்கிய உறவாக அவர் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய பெயர் (தாய் அல்லது மனைவி) எல்லாம் சேருங்கள். சேவை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதிவு அகப்பட்டதும் அந்தப் பெயருக்குரியவரும் மரணச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, பெயரைத் திருத்தும்படி எழுதிக் கேளுங்கள். பெயர் சரியாகாமல் மெடலுக்கு விண்ணப்பித்தால் மறுபடியும் அதே ஒற்றை வரிதான் வரும். என் அம்மப்பாவின் இரண்டு நட்சத்திரம் அப்படித்தான் பதிவில் ஏறியது. அம்மா உயிரோடு இருக்கையிலேயே ஏறியது எனக்குப் பெரிய ஆறுதல்.

உடுவில்: மெடலில் பெயரே இல்லை. போலியா?

இல்லை. பிரித்தானியா இரண்டாம் போரின் நட்சத்திரங்களையும் போர் மெடலையும் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா பொறித்துக் கொடுத்தன. முதலாம் போரின் மெடலானால் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் இருக்கும், பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெடல் வந்த கடதாசிப் பெட்டி இருந்தால் எறியாதீர்கள். மேலே ஒட்டிய விலாசத்தில்தான் பெயர் இருக்கும்.

கொக்குவில்: கறுத்துப் போயிருக்கிறது. நகைக்கடையில் கொடுத்து மினுக்கலாமா?

வேண்டாம். விளிம்பின் எழுத்துத் தேய்ந்தால் உங்கள் ஆதாரமே போய்விடும். முதலாம் போரின் பிரித்தானியப் போர் மெடல் வெள்ளி. கஸ்தூரியார் வீதியில் அப்படிப்பட்ட ஒன்றை உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்த குடும்பத்தை எனக்குத் தெரியும். விளிம்பில் இருந்த எண்ணை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. லண்டனில் இருந்த முதலாம் போர்ச் சேவைப் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்தது. யாருக்கு எந்த மெடல் என்று குறித்த மெடல் அட்டவணை அட்டைகள் தப்பின. அந்த எண் இருந்திருந்தால் அட்டையைப் பிடித்திருக்கலாம்.

தெல்லிப்பழை: அப்பா பலாலி விமானத் தளம் கட்டின காலத்தில் அங்கே படையில் இருந்தவர். பர்மா நட்சத்திரம் விடுபட்டுள்ளது.

விடுபடவில்லை. இலங்கைத் தரையில் செய்த சேவைக்குப் பர்மா நட்சத்திரம் இல்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது உண்மை, ஆனாலும் இல்லை. கடற்படைத் தொண்டர் படையில் சேர்ந்து வங்காள விரிகுடாவில் ஓடியவர்களின் கணக்கு வேறு. முதலில் 1939–45 நட்சத்திரம் பெற்றிருந்தால் அவர்கள் கேட்கலாம்.

அப்பா தொண்டர் படையில் எத்தனை வருடம் இருந்தார் என்று பாருங்கள். 12 வருடத்துக்குத் திறமை மெடல் என்று ஒன்று இருந்தது. மேலே குறுக்குச் சட்டத்தில் ஆங்கிலத்தில் சிலோன் என்று இருக்கும், விளிம்பில் பெயரும் உண்டு. போர்க்கால வருடம் இரட்டிப்பாக எண்ணப்பட்டது. உரியதைக் கேளுங்கள். இல்லாததைக் கேட்டால் அடுத்து வருகிறவரின் விண்ணப்பத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

மானிப்பாய்: அப்பப்பா மலாயாவில் தொண்டர் படையில் இருந்தார். சிங்கப்பூர் விழுந்தபின் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். பிரித்தானிய மெடலுக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்கவேண்டுமா?

மறைக்காதீர்கள். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பெப்ரவரி 15 வரை மலாயாவில் நின்றது பசிபிக் நட்சத்திரத்துக்குரிய சேவை. அதற்குப் பிறகு நடந்தது பிறகு நடந்தது. மெடல் அலுவலகம் மறுத்தால் மறுக்கட்டும், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்திய தேசிய இராணுவம் பற்றிய கோப்புகள் புதுடில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கேயும் தேடுங்கள். ஒரு மனிதனுடைய வாழ்க்கை இரண்டு கோப்பில் இருந்தால் இரண்டையும் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

நல்லூர் (மேலே உள்ளதை வாசித்துவிட்டு): வெள்ளைக்காரனுக்காகச் சண்டை பிடித்த மெடலைத் தேடி அலைவது தமிழனுக்கு அழகா? நேதாஜியின் பக்கம் நின்றதுதான் பெருமை.

ஐயா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1939இல் படையில் சேர்ந்த எங்கள் பெடியளில் பலர் அரசனுக்காகச் சேரவில்லை. தங்கச்சிக்குச் சீதனம் வேண்டும், வீட்டில் அடகு மீட்கவேண்டும் என்று போனார்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பெடியன் பாலைவனத்தில் நின்றது நடந்த காரியம். அதைப் பதிவில் ஏற்றுவது வெள்ளைக்காரனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்தப் பெடியனுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

சாவகச்சேரி: இரண்டு பேரும் படைக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பூட்டன் மலாயாவில் ரயில்வேயில் இருந்து சயாம் தண்டவாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். திரும்பவில்லை. அவருக்கு எந்த மெடல்?

எந்த மெடலும் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. சயாமில் இருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்டு 1943 அக்டோபரில் முடித்த அந்த 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரம் பேர் செத்தார்கள். சிறைப்பிடிக்கப்பட்ட படையினருக்காவது பெயர்ப் பட்டியலும் கல்லறையும் உண்டு. சிவிலியன்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எழுதப்படவில்லை. பூட்டன் தொண்டர் படையிலும் பெயர் பதிந்திருந்தாரா என்று ஒருமுறை பாருங்கள், ரயில்வே ஆட்கள் சிலர் பதிந்திருந்தார்கள். இல்லையென்றால் அவர் கடைசியாக எழுதிய கடிதம், அவரைப் பிடித்துப்போனதைக் கண்டவர் சொன்ன கதை எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியாக முடித்து வையுங்கள். இப்போதைக்கு அவருக்கான பதிவு அதுதான்.

நல்லூர் ஐயாவும் மானிப்பாய்த் தம்பியும் இதன்பிறகு ஆளுக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார்கள். யார் துரோகி, யார் வீரன் என்ற விவாதத்தை நான் இங்கே தொடரப்போவதில்லை. சாவகச்சேரியின் கேள்வியை இருவரும் இன்னொருமுறை வாசிக்க வேண்டுகிறேன்.

கோண்டாவில்: மகன் அமெரிக்கத் தரைப்படையில் இருந்து விலகிவிட்டான். டிடி 214 என்ற விலகல் பத்திரத்தில் ஒரு மெடல் இல்லை.

மெடல் கொடுத்த உத்தரவின் பிரதி கையில் இருந்தால் இலகு. சென் லூயிசில் உள்ள தேசியப் படையினர் ஆவண நிலையம் வழியாகக் கேட்கலாம், அதற்கு 180 என்ற படிவம். எழுத்துப் பிழை என்று தெரிந்தால் டிடி 215 என்ற திருத்தத் தாள் தருவார்கள். பழைய பத்திரத்தை மாற்ற மாட்டார்கள், இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கவேண்டும். மறுத்தால் டிடி 149 படிவத்தில் பதிவுத் திருத்தச் சபைக்கு முறையிடலாம். பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் என்பது விதி. நியாயம் இருந்தால் சபை தாமதத்தை மன்னிக்கும். கூட நின்றவர்களின் சத்தியக் கூற்று இருந்தால் சேருங்கள்.

இணுவில்: மெடலில் பெயர் இல்லையே, ஏன்?

உடுவிலுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

அளவெட்டி: எங்களிடம் உள்ள நட்சத்திரத்திலும் பெயர் இல்லை. இது யாருடையது என்று எப்படித் தெரியும்?

இது மூன்றாம் முறை. நட்சத்திரத்தில் பெயர் இருக்காது. அதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆளின் பதிவைப் பிடித்து அதில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புங்குடுதீவு: விற்றால் என்ன விலை?

விலை சொல்வதில்லை.

பருத்தித்துறை: அப்பா இலங்கைத் தரைப்படையில் 1972 மார்ச் வரை. குடியரசு மெடல் ஏன் பதிவில் இல்லை?

அது இலங்கை குடியரசான 1972 மே 22இல் சேவையில் இருந்தவர்களுக்கு. அப்பா இரண்டு மாதம் முந்திவிட்டார். நீண்டகாலச் சேவை மெடல் விடுபட்டிருந்தால் அவர் இருந்த ரெஜிமென்டுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

முல்லைத்தீவு: கடைசிப் போர் சம்பந்தமான பதிவுகள்…

அது என் துறை அல்ல. காணாமற்போனோர் விடயமானால் அதற்கென்று உள்ள சட்டத்தரணிகளிடம் போங்கள்.

அச்சுவேலி: 1995 இடப்பெயர்வில் எல்லாக் கடதாசியும் போய்விட்டது. அம்மாவுக்கு 91 வயது. அவருடைய ஐயா தன் படை எண்ணைப் பாட்டு மாதிரிச் சொல்லுவாராம், அம்மா இப்பவும் அதைச் சொல்லுகிறா. இது பயன்படுமா?

பயன்படும். ஆறு ஏழு இலக்கமா, முன்னால் ஆங்கில எழுத்து ஏதும் வருகிறதா என்று கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். அம்மா சொல்லும்போது கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு இலக்கம் தடுமாறினால் திருத்தாமல், இரண்டு விதத்தையும் எழுதுங்கள். கிராம சேவகரிடமோ ஜே.பி.யிடமோ (சமாதான நீதவான்) போகும் அலைச்சல் அம்மாவுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை நானே ஒரு ஜே.பி.யைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்த ஒழுங்கை என்று வாசிகசாலையில் சொல்லி வையுங்கள்.