நரிவேட்டைப் படத்தின் அடியில் 1835 என்றிருந்தால்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஒரு பழைய வீட்டுச் சாமான் ஏலத்தில் நரிவேட்டைப் படங்கள் நான்கு வாங்கினேன். அடியில் வேட்டைக் காட்சிகள் வரைந்த ஆங்கில ஓவியர் ஹென்றி ஆல்கென் பெயரும் 1835 என்றும் இருக்கிறது. அசலா? நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: அந்த ஆண்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அச்சுத் தகட்டில் பொறித்தது. முப்பது வருடம் கழித்து அச்சடித்தாலும் 1835 என்றேதான் விழும்.

ஃபிரேமைக் கழற்றி, வானம் இருக்கும் இடத்தில் லென்ஸை வையுங்கள். வறண்ட ஏரியில் மண் வெடித்தாற்போல ஒழுங்கற்ற நுண்வலை தெரிந்தால் அது அக்வாடின்ட், அதாவது அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுத்த பழைய முறை அச்சு. புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் பிற்கால எந்திர அச்சு. மேற்கொண்டு பார்க்க வேண்டாம். அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அக்காலத்து ஆங்கிலேயத் தாளான வாட்மன் தாளில், பெயரோடு ஆண்டும் நீர்க்குறியாக (வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அடையாளமாக) இருப்பதுண்டு. அதில் 1835-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் மறுஅச்சு என்பது உறுதி. முந்தைய ஆண்டு என்றால் நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

ஆல்கெனின் ‘குவார்ன் வேட்டை’ என்ற வரிசை 1835-ல் பதிப்பாளர் ஆக்கர்மன் வெளியிட்டது, மொத்தம் எட்டுப் படங்கள். உங்கள் லெஸ்டர்ஷயர்தான் அதன் களம். உங்களுடையவை அந்த வரிசை என்றால் கையில் இருப்பது பாதி. விலையும் அதற்கேற்பத்தான் வரும்.

பிரபு வீட்டுச் சொத்து என்ற நினைப்பும் வேண்டாம். பெரிய பிரபுக்கள் தங்கள் குதிரையையும் நாய்களையும் எண்ணெய் ஓவியமாக வரையச் சொல்லி மாட்டினார்கள். அச்சுப்படம் கடைச் சரக்கு. சிறு நிலக்காரரும், சந்தா கட்டி வேட்டைக்கூட்டத்தில் சேர்ந்த நகரத்து வியாபாரியும்கூட வாங்கினார்கள். 1870-களுக்குப் பிறகு அமெரிக்கத் தானியம் வந்து குவிய, நிலப்பிரபுக்களின் குத்தகை வருமானம் சரிந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் பண்ணைகள் அடுக்கடுக்காக விற்பனைக்கு வந்தன. பழைய பங்களாக்களில் குடியேறிய புதுப் பணக்காரர்களுக்கு, சுவரில் தொங்க ‘பரம்பரை’ வேண்டியிருந்தது. இத்தனை மறுபதிப்புகள் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 2005 முதல் நாய்களை ஏவும் நரிவேட்டையே இங்கிலாந்தில் சட்டவிரோதம். இன்று இவற்றைத் தேடி வாங்குவோர் குறைவு.

படத்தில் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் விரித்து மிதக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது என்று 1878-ல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை எடுத்த படங்கள் காட்டிவிட்டன. எனக்கென்னவோ அந்தப் பொய்தான் பிடிக்கிறது.

விற்கிறீர்களோ இல்லையோ, ஃபிரேமுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். பதிப்பாளர் பெயர் அங்கேதான் இருக்கிறது. வெயில் படும் சுவரும் வேண்டாம். கையால் தீட்டிய வண்ணம் வெளுத்துவிடும்.