மூட்டை முடிச்சோடு முகாமுக்கு: வாசகர் கேள்வி பதில்

கோடை முகாம் நெருங்குகிறது. சாரணர் குழுக்களின் பெற்றோரும் பொறுப்பாளர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் வண்டியைப் பற்றியவை. மீதி மூட்டையைப் பற்றியவை. முகாமில் என்ன செய்வது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவில் 26 பிள்ளைகள். முகாம் 180 கிலோமீட்டர் தூரத்தில். ஒன்பது பெற்றோர் கார் தருகிறார்கள். காருக்கு நான்கு பேர் என்றால் 36 இடம், தாராளம் என்று நினைத்தோம். சென்ற ஆண்டும் இப்படித்தான் நினைத்தோம். புறப்படும் காலையில் பாதி மூட்டை தரையில் கிடந்தது. கணக்கு எங்கே உதைக்கிறது?
— ஒரு குழுப் பொறுப்பாளர்

பதில்: ஆளுக்கு ஒரு கணக்கு, மூட்டைக்கு ஒரு கணக்கு என்று இரண்டு போட வேண்டும். நீங்கள் முதல் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். ஐந்து இருக்கை காரின் டிக்கி பெரும்பாலும் 350 முதல் 500 லிட்டர் கொள்ளும். பிள்ளையின் முதுகுப்பை 60 லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஆறேழு பை ஏறும் போலத் தெரியும். ஆனால் சக்கர மேடும் சாய்ந்த கதவும் இடத்தைத் தின்றுவிடுவதால் நடைமுறையில் நான்கு ஏறினால் அதிகம். அந்த நான்கும் அதே காரில் வரும் பிள்ளைகளுடையவை. அப்புறம் கூடாரமும் தார்ப்பாயும் சமையல் பெட்டியும் எதில் ஏறும்? தரையில் கிடந்தது அவைதான்.

ஒன்பதில் ஒன்றைச் சாமான் வண்டியாக ஒதுக்குங்கள். இருப்பதில் பெரியதாக, பின் இருக்கை மடங்குவதாக இருக்கட்டும். அதில் ஓட்டுபவரும் இன்னொரு பெரியவரும் மட்டும். மீதி எட்டில் ஆறு கார்களில் மூன்று மூன்று பேர், இரண்டில் நான்கு நான்கு பேர். 26 சரியாக வந்துவிடும். சிறிய பிள்ளைகளுக்குப் பூஸ்டர் சீட் (பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில நாடுகளில் 135 செ.மீ. உயரம் வரையும் வேறு சிலவற்றில் 150 செ.மீ. வரையும் அது கட்டாயம். பூஸ்டர் சீட் ஒன்று வைத்துவிட்டால், பல கார்களில் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து பெல்ட் போட முடியாது. ஆகவே பெற்றோரிடம் "எத்தனை பேர் ஏறலாம்?" என்று கேட்காதீர்கள், "எத்தனை பெல்ட் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

எடையும் உண்டு. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. நான்கு கேன் ஏற்றினால் ஓர் ஆளை ஏற்றியதற்கும் மேல். முகாமிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் கேன்களைக் காலியாகக் கொண்டுபோங்கள். கூரைமேல் கட்டுவதானால் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்; 50, 75 கிலோ என்று ஒரு வரம்பு இருக்கும், பல கார்களில் கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். டயர் காற்றுக்கு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருக்கும். முழுப் பாரத்துக்கான அளவை வையுங்கள்.

பின் இருக்கைக்கு மேலே கண்ணாடியோரம் எதையும் வைக்கவே கூடாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். கூடார முளை அடிக்கும் 2 கிலோ சுத்தியல் 40 கிலோவாகப் பிள்ளையின் தலைக்கு வரும்.

கேள்வி: சாமான் வண்டியில் எதை முதலில் ஏற்றுவது?

பதில்: கடைசியில் இறக்க வேண்டியதை. போய்ச் சேரும்போது மழை பெய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஏற்றினால் வரிசை தானாக அமைந்துவிடும். கதவைத் திறந்ததும் கைக்கு வர வேண்டியவை தார்ப்பாய், கயிறு, சுத்தியல், முளைப் பை, அடுத்து கூடாரங்கள், சமையல் பெட்டி அதற்கும் உள்ளே. முந்தின நாள் மாலையே ஏற்றிவிடுங்கள். இந்த வண்டி மற்றவற்றுக்கு அரைமணி நேரம் முன்னால் கிளம்பட்டும். ஆனால் அது வழியில் நின்றுபோனாலும் பிள்ளைகள் தவிக்கக் கூடாது. மழைக்கோட்டு, தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு மூன்றும் ஒவ்வொருவரின் கைப்பையிலும், முதலுதவிப் பை ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: போகும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரும்பும் நாளில்தான் குழப்பம். இரண்டு பேருக்கு இடமில்லை. ஒரு பெண் எந்தக் காரில் ஏறினாள் என்று அரைமணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தவிர்ப்பது?
— ஒரு சாரணியின் தாய்

பதில்: போகும் பட்டியலையே திருப்பிப் போட்டுக்கொண்டால் இப்படித்தான் ஆகும். போகும் வண்டிகள் வேறு, வரும் வண்டிகள் வேறு. கொண்டுவிட்டவர் கூட்டிப்போக வரமாட்டார்; நடுவில் ஒரு பிள்ளையை வீட்டார் வந்து அழைத்துப்போயிருப்பார்கள்; ஒருவர் பெரிய காருக்குப் பதில் சின்னக் காரோடு வந்து நிற்பார். திரும்பும் பயணத்துக்குத் தனித்தாள் போடுங்கள்: வண்டி எண், ஓட்டுபவர், கைபேசி எண், பெல்ட் எண்ணிக்கை, ஏறும் பிள்ளைகளின் பெயர், இறங்கும் இடம், அங்கே யார் வாங்கிக்கொள்கிறார்கள். முகாம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு ஓட்டுநரையும் அழைத்து உறுதி செய்யுங்கள். குழுச் செய்தியில் போட்டுவிட்டால் போதும் என்று இருக்காதீர்கள். கட்டைவிரல் அடையாளம் போட்டவர் தேதியைப் படித்தார் என்று அர்த்தமில்லை.

வாசலில் ஒருவர் தாளோடு நிற்கட்டும். அவர் வண்டி ஓட்டக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. பெயர் கூப்பிட்டு, ஏறியதைப் பார்த்து, டிக் அடித்து, ஓட்டுபவரிடம் கையெழுத்து வாங்குவது மட்டுமே வேலை. தலையை எண்ணுவதும் போதாது. 26 சரியாக வரும், ஆனால் அதில் பக்கத்துக் குழுப் பிள்ளை ஒன்று இருக்கும்.

வருகிற மூட்டை போன மூட்டையைவிடப் பெரியது என்பதையும் பட்டியலில் சேருங்கள். ஈரக் கூடாரம் உறைக்குள் நுழையாது, தூக்கப் பையைப் பிள்ளைகள் இறுக்கிச் சுருட்டமாட்டார்கள், அழுக்குத் துணி மடிந்து படுக்காது. சாப்பாடு காலியான இடம் இதற்கே சரியாகப் போய்விடும்.

இன்னும் இரண்டு. ஐந்து இரவு கூடாரத்தில் அரைத்தூக்கம் தூங்கிய பொறுப்பாளரை அன்றே 180 கி.மீ. ஓட்டச் சொல்லாதீர்கள், வீட்டில் தூங்கி எழுந்தவர் வந்து ஓட்டட்டும். அடுத்தது, வீடு வீடாக இறக்கிவிடுவது. கடைசிப் பிள்ளை ஓட்டுநரோடு தனியாக மாட்டும். தன் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்பது சாரணர் முகாம்களில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. வண்டிக்கும் அது பொருந்தும். எல்லாரும் ஒரே இடத்தில் இறங்கட்டும், பெற்றோர் அங்கே வரட்டும்.

கேள்வி: எரிபொருள் செலவை எப்படிப் பிரிப்பது? ஓட்டுபவரின் பிள்ளையும் பங்கு தர வேண்டுமா?

பதில்: தர வேண்டும். எல்லா வண்டியின் செலவையும் ஒரே பானையில் போட்டு, எல்லாப் பிள்ளைகளின் எண்ணிக்கையாலும் வகுங்கள். காருக்குக் கார் தனித்தனியாக வகுத்தால், அதிகம் குடிக்கும் வண்டியில் ஏறிய பிள்ளைக்குத் தண்டனைபோல் ஆகிவிடும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 180 கி.மீ. தூரத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட்டுத் திரும்பி, முகாம் முடியும் நாளில் மறுபடி போய்க் கூட்டிவரும் கார் நான்கு நடை ஓடுகிறது: 720 கி.மீ. முகாமிலேயே தங்கும் பொறுப்பாளரின் காருக்கு இரண்டு நடைதான்: 360 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் முன்னதற்கு 48 லிட்டர், பின்னதற்கு 24. "காருக்கு இவ்வளவு" என்று சமமாகக் கொடுப்பதில் மனக்கசப்பு தொடங்குவது இங்கேதான். பிள்ளை இல்லாமல் ஓடிய நடையையும் எண்ணுங்கள். தங்கும் பொறுப்பாளர்களின் கார்களை முதலில் நிரப்பினால் மொத்தச் செலவும் இறங்கும். ஆனால் திரும்பி ஓட்ட வேறொருவர் வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

செலவைப் பகிர்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது வேறு. ஆன செலவுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் தனியார் வண்டியின் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். ஓட்டுபவர் ஒவ்வொருவரும் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

கேள்வி: எல்லாக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போனால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. பின்னால் வருபவர் சாலையைப் பார்க்காமல் முன் காரின் பின்விளக்கையே பார்த்து ஓட்டுவார். விட்டுப்போகக் கூடாதென்று மஞ்சள் விளக்கில் பாய்வார். ஒவ்வொருவருக்கும் வழியும் முகவரியும் தனித்தனியாகத் தெரிந்திருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் குறித்து, அங்கே சந்தியுங்கள். ஊரில் இருக்கும் ஒருவர் எல்லா வண்டிப் பட்டியலையும் கையில் வைத்திருக்க, ஒவ்வொரு கார் போய்ச் சேர்ந்ததும் அவருக்குச் செய்தி போகட்டும்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரைப் பெரிய பையில் வைப்பதா, பொறுப்பாளரிடம் தருவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். இன்ஹேலரும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியும் அந்தப் பிள்ளை இருக்கும் காரில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய பை டிக்கியின் அடியில் கிடக்கும், பொறுப்பாளர் வேறு காரில் போய்க்கொண்டிருப்பார். எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று ஓட்டுபவருக்குக் காட்டிவிடுங்கள். நிறுத்தத்தில் இறங்கும்போது அதையும் எடுத்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் மருந்து கெடும். தினசரி மாத்திரைகளை மட்டும் மருந்துக்கடை உறையோடு, பெயரும் அளவும் நேரமும் எழுதி, பொறுப்பாளர் ஒருவரிடம் கொடுக்கலாம்.

அடுப்பு எரிவாயுக் குப்பிகளுக்கும் அதே வெயில்தான் பகை. 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று குப்பியிலேயே போட்டிருக்கும். மூடிய கார் வெயிலில் அதைத் தாண்டிவிடும். அடுப்பிலிருந்து கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி, சாமான் வண்டியில் மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. பையில் எதை வைக்க, எதை விட? நான் அடுக்கிக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருகிறான்.

பதில்: நீங்கள் அடுக்கியதால்தான் கிடைக்கவில்லை. பட்டியலை அவனிடம் கொடுங்கள்; தரையில் பரப்பி அவனே அடுக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். முடித்ததும் ஒரு சோதனை: அறை விளக்கை அணைத்துவிட்டு, "டார்ச்சை எடு, மழைக்கோட்டை எடு" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் எடுத்தால் தேறிவிட்டான்.

மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 8 கிலோ. பையின் உள்ளே முதலில் கனமான பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைக்கச் சொல்லுங்கள். வெளியே போடும் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். தூக்கப் பை அடியில், கனமானவை முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. ஒரு நாளுக்கான சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறையைச் சேர்த்துச் சுருட்டி ஒரு உறை. இரவு உடுப்புக்குத் தனி உறை, அதைப் பகலில் தொடவே கூடாது. டார்ச்சில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பைக்குள் தானாக எரிந்து தீராது. கொசுவிரட்டியை இரண்டு உறைக்குள் மூடி வையுங்கள். டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி வேதிப்பொருள் சேர்ந்த வகை கசிந்தால் பிளாஸ்டிக்கையும் மழைக்கோட்டையும் அரித்துவிடும். புதுக் காலணி வாங்கினால் இரண்டு வாரம் முன்பே போட்டு நடக்கட்டும்.

பெயரை எல்லாவற்றிலும் எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலில் மூடியிலும் எழுத வேண்டும், உடலிலும் எழுத வேண்டும். முதல் நாளே இரண்டும் பிரிந்துவிடும்.

கேள்வி: குழுவிடம் பழைய கூடாரங்கள் ஏழு இருக்கின்றன, எல்லாம் "நான்கு பேர்" அளவு. 26 பேருக்குப் போதுமா?
— சாமான் பொறுப்பில் இருக்கும் ஓர் அப்பா

பதில்: ஏழுநான்கு இருபத்தெட்டு என்று தாளில் போதும். "நான்கு பேர்" என்பது பாய் பாயாக ஒட்டிப் படுக்கும் நான்கு பேர். பைக்கு இடம் இல்லை. மூன்று பேர் என்று வைத்து ஒன்பது கூடாரம் தேடுங்கள்.

அதற்கு முன் அந்த ஏழையும் இரண்டு வாரம் முன்பே விரித்து நிறுத்திப் பாருங்கள். உறையைத் தூக்கிப் பார்த்து "கனமாகத்தான் இருக்கிறது" என்று வைத்துவிடுவதே வழக்கம். முகாமில் திறந்தால் ஒரு கம்பு குறையும். கம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். கம்பைவிடச் சற்றே அகலமான 10 செ.மீ. உலோகக் குழாய் ஒன்றும் துணி டேப்பும் கொண்டுபோனால், உடைந்த இடத்தில் செருகிச் சுற்றிவிடலாம். முளைகளை எண்ணி, கூடாரத்துக்கு இரண்டு கூடுதலாகப் போடுங்கள். மேல்விரிப்பின் உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, துர்நாற்றம் அடித்தால் நீர்காப்புப் பூச்சு செத்துவிட்டது. அதைச் சாமான் போடும் கூடாரமாக்குங்கள், பிள்ளைகளை அதில் படுக்க வைக்காதீர்கள். தையல் மேல் ஒட்டிய நாடா மட்டும் உரிந்திருந்தால் தையல் பசை தடவி ஒரு நாள் காயவிடலாம். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் சுவரில் வழியும் மழை அதில் இறங்கி, அப்படியே அடியில் போய்த் தேங்கும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

கூடாரம், கம்பு, முளைப் பை மூன்றிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். திரும்பும் நாளில் எந்த எண் எந்த வீட்டுக்குப் போகிறது என்று வண்டித் தாளிலேயே குறித்துவிடுங்கள். ஈரமாகச் சுருட்டிய கூடாரம் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வாங்கிப்போனவர் அன்று மாலையே கொடியில் விரித்துக் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அது குழுவின் அலமாரிக்குத் திரும்பலாம்.