தம்பி சொன்னதே சரி

கேள்வி: இரண்டடித் தொட்டியில் மூன்று கோல்டுஃபிஷ் வளர்க்கிறோம். மூன்றே நாளில் தண்ணீர் கலங்கிவிடுகிறது. தொட்டிக்குள் வைக்கும் சிறிய மோட்டார் ஃபில்டர் போதும் என்கிறார் கடைக்காரர். தம்பியோ ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வேண்டும் என்கிறான். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நான் தம்பி கட்சி. அகலமும் உயரமும் ஓரடி என்றால், கல் போக உங்கள் தொட்டி சுமார் 50 லிட்டர்தான் பிடிக்கும். கோல்டுஃபிஷ்ஷோ தின்பதிலும் கழிப்பதிலும் சளைக்காத மீன். மூன்று அதிகம் அம்மா. ஒன்றையாவது பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிறிய மோட்டார் ஃபில்டருக்குள் இருப்பது விரல் நீளப் பஞ்சு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அது பிடிக்கும். மீனைக் கொல்வது அதன் கழிவிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அமோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற இடம் வேண்டும். பெரிய ஸ்பாஞ்சில் அது தாராளம். ஆனால் அவை பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை தீனியைக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். நான் ஒருமுறை பளிச்சென்று கழுவி வைத்தேன். குளோரின் பாக்டீரியாவைத் தீர்த்துவிட, அந்த வாரமே இரண்டு மீன்கள் போயின. தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை இயக்கும் காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும்.