பேக்கேஜ் ஏசி பராமரிப்பு: கேள்விகளும் பதில்களும்

கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, வங்கிக் கிளை போன்ற இடங்களில் டக்ட் வழியாகக் குளிர்காற்றை அனுப்பும் பேக்கேஜ் ஏசிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, அவற்றை நிறுவுவதையும் பழுதுபார்ப்பதையுமே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கண்டென்சரை (வெப்பத்தை வெளியே விடும் பகுதியை) காற்றால் குளிர்விக்கும், 5.5 டன் முதல் 16.5 டன் வரையிலான யூனிட்டுகளுக்கு இவை பொருந்தும். எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பும் மெயின் ஸ்விட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை மட்டும் அணைப்பது போதாது.

கேள்வி (மண்டப நிர்வாகி, கும்பகோணம்): ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். ஃபில்டரைக் கழுவ அது போதுமா?

பதில்: போதாது. ஃபில்டர் கழுவுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. மண்டபப் பணியாளர் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். சாதாரண அலுவலகத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவினால் சரியாக இருக்கும். மண்டபத்திலோ ஹோமப் புகை வெறும் தூசியாக வருவதில்லை. நெய்ப்பிசுக்கோடு வந்து வலையில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் வாரம் ஒருமுறை கழுவுங்கள். பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது என்பதால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊறவைத்து, காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து அழுக்குப் படிந்த பக்கத்தை நோக்கி நீரைப் பாய்ச்சுங்கள். மறுபக்கத்திலிருந்து அடித்தால் அழுக்கு வலைக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். நிழலில் முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். காய்வதற்கு நேரமில்லை என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய கெடுதல். ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு): இரண்டு மாதத்துக்கு முன்புதான் கேஸ் ஏற்றினோம். இப்போது மறுபடியும் குளிர்ச்சி இல்லை, செப்புக் குழாயில் ஐஸ் பிடிக்கிறது. கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். ஆண்டுதோறும் கேஸ் ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஏசியில் இருக்கும் கேஸ் வண்டியில் போடும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் யூனிட்டில் கேஸ் குறைந்திருக்கிறது என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று குளிர் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) வழியாகப் போக வேண்டும். அந்தக் காற்று குறைந்தால் காயிலுக்குப் போதிய வெப்பம் கிடைக்காமல் சக்‌ஷன் அழுத்தம் (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கத்து அழுத்தம்) இறங்கும், ஐஸும் பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் இவையே நிகழும். அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காற்றடைப்பை வைத்துக்கொண்டே கேஸ் ஏற்றிவிட்டால், பிறகு காயிலைச் சுத்தம் செய்யும் நாளில் கேஸ் அளவுக்கு மிஞ்சி நின்று, ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்து அழுத்தம்) உயர்ந்து எச்.பி. டிரிப் ஆகும், அதாவது உயர் அழுத்தப் பாதுகாப்பு ஸ்விட்ச் யூனிட்டை நிறுத்திவிடும். கம்ப்ரசரும் கெடும்.

ஆகவே முதலில் கம்ப்ரசரை நிறுத்தி, புளோயரை (காற்றைத் தள்ளும் விசிறியை) மட்டும் ஓடவிட்டு ஐஸைக் கரையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பெயர்த்தால் காயிலில் ஓட்டை விழும். கரைந்த பிறகு ஃபில்டரைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் காயிலின் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஜவுளிக்கடையில் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி, ஃபில்டரின் ஓர இடுக்குகள் வழியாகப் புகுந்து ஈரக் காயிலில் படிந்து, நாளடைவில் ஒரு படலமாகிவிடும். விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் முழுத் துண்டாக உரிந்து வரும். அதை ஃபின்கள் (காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள்) நிற்கும் திசையிலேயே மென்மையான பிரஷால் எடுத்துவிட்டு, அமிலமோ காரமோ இல்லாத காயில் கிளீனரால் கழுவச் சொல்லுங்கள். புளோயர் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் காற்று குறையும். இரண்டு பெல்ட் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஐஸ் பிடித்தால் கசிவைத் தேடலாம். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பதே முறை. நைட்ரஜன் கையில் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்தால் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும். கசிவைப் பற்றவைத்து அடைத்த பிறகு வேக்யூம் பம்பால் 500 மைக்ரான் (வேக்யூமை அளக்கும் அலகு) வரை இறக்கி, அது நிலைத்து நிற்பதைப் பார்த்த பின்பே, யூனிட்டின் பெயர்ப்பலகையில் குறித்த எடையளவு கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும்.

கேள்வி (அதே நண்பர்): பழைய யூனிட் ஒன்றில் ஆர்-22 கேஸ் இருக்கிறது. அதில் ஆர்-410ஏ கேஸ் போடலாமா?

பதில்: கூடாது. ஆர்-410ஏ ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் இயங்கும். அதற்கான எண்ணெயும் வேறு. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி ஆர்-22 படிப்படியாக விலக்கப்பட்டு வருவதால், பெரிய செலவு வரும்போது யூனிட்டையே மாற்றுவது நல்லது.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): டிரெயின் குழாயில் அடைப்பே இல்லை. ஆனாலும் ஏசி ஓடும்போது தட்டில் தண்ணீர் நிறைந்து ஃபால்ஸ் சீலிங்கில் சொட்டுகிறது. அணைத்தவுடன் தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. இது எப்படி?

பதில்: நீங்கள் கவனித்த இந்த ஒரு குறிப்பே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. புளோயர் காயிலுக்கு அப்பால் இருந்து காற்றை இழுப்பதால், யூனிட் ஓடும்வரை யூனிட்டுக்குள் தட்டு இருக்கும் பகுதியில் வெளியே இருப்பதைவிட அழுத்தம் குறைவாக இருக்கும். டிரெயின் குழாயில் யூ-டிராப் (நீர் தேங்கி நிற்கும் யூ வடிவ வளைவு) இல்லாவிட்டால், அல்லது அதில் நீர் வற்றியிருந்தால், குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுத் தண்ணீரைத் தடுத்து நிறுத்திவிடும். புளோயர் நின்றதும் தடை நீங்கி வடிகிறது. பிளம்பரை அழைத்துப் போதிய ஆழமுள்ள யூ-டிராப் ஒன்றை யூனிட்டுக்கு அருகிலேயே போடுங்கள். முதன்முறை அதில் கையால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அதற்கு அப்பால் குழாய்க்கு 100க்கு 1 என்ற சரிவாவது இருக்க வேண்டும். வழவழப்பான பாசி யூ-டிராப்புக்குள்தான் சேரும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் கழுவ வசதியாக மூடியுள்ள டீ (T வடிவக் குழாய் இணைப்பு) ஒன்றையும் வையுங்கள்.

கேள்வி (நகைக்கடை மேலாளர், நாகப்பட்டினம்): மொட்டைமாடியில் உள்ள கண்டென்சர் ஃபின்கள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன.

பதில்: கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. உதிர்ந்த ஃபின்களைச் சீராக்க முடியாது, மிஞ்சியிருப்பதைக் காக்கலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஃபின்களுக்கு நேராகக் கழுவுங்கள். உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம். ஜெட் பம்பை நெருக்கத்தில் பிடித்தால் ஃபின்கள் மடங்கிக் காற்று அடைபடும். பளபளக்கச் செய்வதாகச் சொல்லிச் சிலர் ஊற்றும் அமிலம், உப்பு ஓராண்டில் செய்யும் அரிப்பை ஒரே நாளில் செய்துவிடும். அடுத்த காயிலை எபாக்சி பூச்சுடன் வாங்குங்கள்.

கேள்வி (உணவக உரிமையாளர், திருச்சி): டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய நாளிலிருந்து கம்ப்ரசரில் கடும் இரைச்சல், குளிர்ச்சியே இல்லை.

பதில்: உடனே அணையுங்கள். மூன்று பேஸ்களின் வரிசை மாறியிருக்க வேண்டும். ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றினால் கேஸை அழுத்தாது, தொடர்ந்து ஓட்டினால் கெட்டுவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஏதேனும் இரண்டு பேஸ்களை இடம் மாற்றி, பேஸ் வரிசை பார்க்கும் ரிலே ஒன்றையும் பொருத்துங்கள். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதே கோளாறு வரலாம்.

கேள்வி (மண்டப நிர்வாகி, கும்பகோணம்): ஆடியிலும் மார்கழியிலும் ஏசியைத் தொடவே மாட்டோம். மெயினை அணைத்து வைத்திருக்கிறோம். மறுபடி தொடங்கும்போது ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில்: அவசியம் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நின்ற கம்ப்ரசரில் திரவமாகிய கேஸ் எண்ணெயில் கலந்து நிற்கும். திடீரென ஓட்டினால் எண்ணெய் நுரைத்து வெளியேறி, உள்ளே மசகு இல்லாமல் போகும். அதைச் சூடாக்கி விரட்டவே, மெயின் போட்டிருந்தால் வேலை செய்யும் கிரேங்க்கேஸ் ஹீட்டர் கம்ப்ரசரில் இருக்கிறது. எனவே தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்பே மெயினைப் போட்டுவிட்டு, ஏசியை மட்டும் ஓட்டாமல் வையுங்கள். அதற்கும் முன்பு, மெயின் அணைந்திருக்கும்போதே எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து பார்க்கட்டும். மூடிக் கிடக்கும் மாதங்களில் எறும்பும் பல்லியும் காண்டாக்டருக்குள் (மோட்டார்களுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சுக்குள்) புகுந்துவிடும், எலி கன்ட்ரோல் வயரைக் கடித்திருக்கும். டெர்மினல் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். ஓடத் தொடங்கி அரை மணி கழித்து, ரிட்டர்ன் காற்றுக்கும் (அறையிலிருந்து யூனிட்டுக்குத் திரும்புவது) சப்ளை காற்றுக்கும் (யூனிட்டிலிருந்து அறைக்குப் போவது) இடையே 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவையும் மூன்று பேஸ்களின் ஆம்பியரையும் தேதியிட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை குளிர்ச்சி குறையும்போது உங்கள் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.